ஆய்வகம் இல்லாத பள்ளியில் அறிவியல் மன்றம்: நாற்பது நிமிட பீரியடில் நடத்தும் முறை

பல பள்ளிகளில் அறிவியல் மன்றம் ஆண்டுக்கு இரண்டே நாள்தான் மூச்சு விடும். ஒன்று பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். இன்னொன்று கண்காட்சி நாள். இரண்டிலும் மேசை மேல் தெர்மாகோல் எரிமலை பொங்கும், மேலதிகாரி கைகுலுக்குவார், மறுநாள் எல்லாம் ஸ்டோர் ரூமுக்குப் போகும். எரிமலையால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அதில் பிள்ளைகள் அளப்பதற்கு எதுவும் இல்லை, "நான் நினைத்தது வேறு, நடந்தது வேறு" என்று திகைப்பதற்கும் எதுவும் இல்லை.

கீழே உள்ளது வாரம் ஒரு பீரியட், 40 மாணவர்கள், தனி ஆய்வகம் கிடையாது என்ற நிலைமைக்கு எழுதியது. தமிழ்நாட்டு அரசு நடுநிலைப் பள்ளிகளில் இதுதான் சாதாரண நிலைமை. 2022 நவம்பரில் தொடங்கிய அரசின் வானவில் மன்றத் திட்டம் 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்குச் சோதனைகளைச் செய்துகாட்டும் கருத்தாளர்களைப் பள்ளிக்கே அனுப்புகிறது. அவர்கள் வந்துபோகும் நாள்களுக்கு நடுவில் உள்ள வாரங்களை நிரப்ப வேண்டியது பள்ளியின் ஆசிரியர்தான்.

குழுவும் பெட்டியும்

நாற்பது பேரை எட்டுக் குழுவாகப் பிரியுங்கள், குழுவுக்கு ஐந்து பேர். ஆறு பேரானால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார். ஐவருக்கும் வேலை பிரித்துக் கொடுங்கள்: கருவியைக் கையாள்பவர், நேரம் பார்ப்பவர், எண்ணுபவர், எழுதுபவர், பொருளை வாங்கித் திரும்ப ஒப்படைப்பவர். இந்த வேலைகள் வாராவாரம் மாறவேண்டும். மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்: பையன்கள் கருவியைப் பிடித்துக்கொள்வார்கள், கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லி ஆண்டு முழுக்கப் பெண்பிள்ளைகளை எழுத வைத்துவிடுவார்கள். சுவரில் ஒரு சுழற்சி அட்டவணை ஒட்டிவிட்டால் வாக்குவாதம் இல்லை.

குழுவுக்கு ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் நிரந்தரமாக இருக்க வேண்டியவை: 30 செ.மீ. ஸ்கேல், 1.5 மீட்டர் தையற்காரர் டேப், ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் இரண்டு, துணி கிளிப் நான்கு, ஒரே அளவுள்ள பெரிய இரும்பு நட்டு மூன்று, தையல் நூல்கண்டு, வெள்ளைப் பிளாஸ்டிக் மூடிகள் ஆறு, கோணமானி, செலோ டேப். மூடியின் உட்புறத்தில் இந்தப் பட்டியலை ஒட்டிவிடுங்கள். பொருள் காணாமல் போனால் அந்த பீரியடிலேயே தெரிந்துவிடும். ஒரே பெரிய பெட்டியில் எல்லாவற்றையும் வைத்து வகுப்பில் பங்கிடத் தொடங்கினால் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும். மன்ற பீரியட் படுத்துப்போவதற்கு முதல் காரணம் பாடம் கடினமாக இருப்பதல்ல, இந்தப் பத்து நிமிடம்தான்.

நேரக் கணக்கு: கேள்வியும் கணிப்பும் 7 நிமிடம், செய்வது 18, கரும்பலகையில் எல்லாக் குழுவின் அளவுகளையும் எழுதிப் பேசுவது 10, பெட்டி கட்டுவது 5. கணிப்பைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். எழுதாத பிள்ளை விடை தெரிந்ததும் "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று சொல்லிவிடும், அதோடு கற்றலும் முடிந்தது. கணிப்பு தவறானால் மதிப்பெண் குறையாது என்று முதல் வாரமே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. எந்தச் சோதனையையும் முந்தின நாள், அதே பொருள்களை வைத்து, நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள். ஊரில் கிடைக்கும் சுண்ணாம்பும் எல்.இ.டி.யும் புத்தகத்தில் உள்ளபடி நடந்துகொள்ளும் என்று நம்பிப் போகக் கூடாது.

முதல் வாரம்: ஊசல்

தொடக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை கிடைப்பது அரிது. செலவு கிடையாது, ஆபத்து கிடையாது, பிள்ளைகளின் கணிப்பு ஏறத்தாழ எப்போதும் தவறும்.

நூலின் ஒரு முனையில் நட்டைக் கட்டி, மறு முனையை ஜன்னல் கம்பியில் பிடித்த துணி கிளிப்பில் கவ்வ விடுங்கள். மேசை 75 செ.மீ. உயரம்தான் இருக்கும் என்பதால் ஒரு மீட்டர் ஊசலை அதில் தொங்கவிட முடியாது, ஜன்னலோ கதவு நிலையோ வேண்டும். நூலைக் கம்பியைச் சுற்றி முடிச்சுப் போடாதீர்கள். ஆடும்போது நூல் கம்பியின் வளைவில் ஒட்டியும் விலகியும் போவதால் நீளம் மாறிக்கொண்டே இருக்கும். கிளிப் கவ்வினால் தொங்கும் புள்ளி ஒன்றாகவே இருக்கும்.

நீளம் என்பது கிளிப்பின் வாயிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை. முடிச்சு வரை அளந்தால் ஒன்றிரண்டு செ.மீ. குறையும். 25 செ.மீ. ஊசலில் அந்தப் பிழை நன்றாகத் தெரியும், ஒரு மீட்டர் ஊசலில் ஒளிந்துகொள்ளும்.

நட்டு போய்த் திரும்பி வருவது ஓர் ஆட்டம். இப்போது கேள்வி: "25 செ.மீ. நூலில் பத்து ஆட்டத்துக்கு ஏறத்தாழ பத்து விநாடி ஆகிறது. நூலை 50 செ.மீ. ஆக்கினால்?" வகுப்பில் பெரும்பாலோர் இருபது என்று எழுதுவார்கள். அளந்தால் 14.2 விநாடி வரும். இருபது விநாடி வேண்டுமென்றால் நூல் 100 செ.மீ. இருக்க வேண்டும், அதாவது நான்கு மடங்கு. வர்க்கமூலம் என்ற சொல்லை இங்கே நீங்கள் எடுக்க வேண்டியதில்லை. 25, 50, 100 என்ற மூன்று நீளங்களையும் 10.0, 14.2, 20.1 என்ற மூன்று நேரங்களையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு நிறுத்துங்கள். எட்டாம் வகுப்பென்றால் யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். ஆறாம் வகுப்பில் பிடிக்காவிட்டாலும் ஒன்றும் குறையவில்லை.

தவறுகள் எங்கே வரும்? முதலாவது, எண்ணும் விதம். நட்டை விடும்போதே "ஒன்று" என்று தொடங்கினால் பத்து வரும்போது ஒன்பது ஆட்டம்தான் முடிந்திருக்கும், 25 செ.மீ. நூலுக்கு 9.0 விநாடி காட்டும். "மூன்று, இரண்டு, ஒன்று, சுழி" என்று இறங்கி வந்து சுழியில் கடிகாரத்தை அழுத்தச் சொல்லுங்கள். பலகையில் ஒரு குழு மட்டும் 9.0 என்று எழுதினால் அதை அழிக்க விடாதீர்கள். மற்றவர்களைக் கேளுங்கள், "இவர்களுக்கு மட்டும் ஏன் சரியாக ஒரு விநாடி குறைந்தது?" பிழையைக் கண்டுபிடிப்பதுதான் அன்றைய பாடத்தின் சிறந்த பகுதியாகிவிடும்.

இரண்டாவது, எடை. "கனமான குண்டு வேகமாக ஆடும்" என்று பிள்ளைகள் உறுதியாகச் சொல்வார்கள். சோதிக்க இரண்டாவது நட்டைச் சேர்ப்பார்கள், ஆனால் முதல் நட்டுக்குக் கீழே தொங்கவிடுவார்கள். உடனே எடையின் மையம் கீழே இறங்கும், ஊசல் நீளும், நேரம் கூடும். "எடை கூடினால் மெதுவாகிறது" என்று ஒரு புதுத் தவறான முடிவோடு வீட்டுக்குப் போவார்கள். நட்டுகளைப் பக்கவாட்டில், ஒரே உயரத்தில் கட்டினால் நேரம் மாறாது. ஒன்றை மாற்றும்போது மற்றதை மாறாமல் காப்பது எவ்வளவு கடினம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மூன்றாவது, வீச்சு. பத்துப் பாகைக்குள் ஆட விடுங்கள்: ஒரு மீட்டர் நூலுக்கு 17 செ.மீ. இழுத்து விட்டால் போதும், 25 செ.மீ. நூலுக்கு 4 செ.மீ. வீச்சு கூடினால் நேரமும் சற்றுக் கூடும். 60 பாகை வரை இழுத்து விட்டால் ஏழு சதவீதம் அதிகமாகும், அதாவது 20.1 என்பது 21.5 ஆகும். "வீச்சு எதையும் மாற்றாது" என்று மனப்பாடம் செய்த மாணவருக்கு இந்த ஒன்றரை விநாடியைக் காட்டலாம். பெரிய வீச்சு காற்றில் சீக்கிரம் குறைந்துவிடும் என்பதால் இதற்கு மட்டும் ஐந்து ஆட்டம் எண்ணினால் போதும், வித்தியாசமும் அப்போது பாதிதான் தெரியும்.

ஏன் ஒரே ஒரு ஆட்டத்தை அளக்கக் கூடாது என்று யாராவது கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். கடிகாரத்தை அழுத்தும் விரலில் கால் விநாடிவரை பிழை வரும். பத்து ஆட்டத்தை அளந்து பத்தால் வகுத்தால் அந்தப் பிழையும் பத்தில் ஒன்றாகிறது.

சங்குப்பூ நீர்

அமிலம், காரம் பாடத்துக்கு மஞ்சளை மட்டும் நம்பாதீர்கள். மஞ்சள்தாள் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் அப்படியே இருக்கும், வெறும் தண்ணீரிலும் அப்படியே இருக்கும். "சிவக்கவில்லை, ஆகவே அமிலம்" என்று பிள்ளைகள் எழுதுவது இதனால்தான். சங்குப்பூ இரண்டு பக்கமும் காட்டும்.

பத்துப் பன்னிரண்டு நீலப் பூக்களின் இதழ்களை 200 மி.லி. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். வெந்நீர் வேலையை ஆசிரியர் வீட்டிலேயே முடித்து பாட்டிலில் கொண்டுவந்துவிடலாம். ஒவ்வொரு வெள்ளை மூடியிலும் சிரிஞ்சால் 2 மி.லி. ஊற்றி, சோதிக்கும் நீரை ஐந்து ஐந்து சொட்டாகச் சேர்க்கச் சொல்லுங்கள். எலுமிச்சைச் சாறு அதை ஊதாவாக்கி இளஞ்சிவப்புப் பக்கம் கொண்டுபோகும். ஆப்பச்சோடாக் கரைசலில் நீலப்பச்சை. சுண்ணாம்புத் தெளிநீரில் பச்சை, கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகவும் மாறும். புளித்த மோர் நிறத்தை மாற்றினாலும் அதன் வெண்மை பார்வையை மறைக்கும், புளிக் கரைசலும் பழுப்பால் ஏமாற்றும். இவை இரண்டையும் நன்றாக நீர்க்கச் செய்து கொடுங்கள். நிறம் கலந்த சோப்பு வேண்டாம்.

ஒரே சிரிஞ்சை எலுமிச்சையிலும் சுண்ணாம்பிலும் மாற்றி மாற்றி முக்கினால் மூன்றாம் மூடியிலிருந்து எல்லாம் குழப்பம். ஒன்று நிறங்காட்டிக்கு, மற்றொன்று சோதிக்கும் நீருக்கு. இரண்டாவதை ஒவ்வொரு தடவையும் கழுவ ஒரு டம்ளர் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். சங்குப்பூ நீர் அடுத்த நாளே புளித்துக் கெடத் தொடங்கும். மீதியில் வடிதாளை நனைத்து நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் தாளாகப் பிறகும் பயன்படும்.

சுண்ணாம்புத் தெளிநீரை முந்தின இரவு கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுங்கள். அடியில் இருக்கும் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து. அதை வகுப்புக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

நிறம் மாறியதைப் பார்த்ததோடு நிறுத்திவிட்டால் இதுவும் எரிமலை மாதிரிதான். அடுத்த கேள்வி: எலுமிச்சைச் சாற்றை எவ்வளவு நீர்த்த பிறகு சங்குப்பூவுக்குத் தெரியாமல் போகிறது? 1 மி.லி. சாறு, 9 மி.லி. தண்ணீர். அதிலிருந்து 1 மி.லி. எடுத்து மறுபடி 9 மி.லி. தண்ணீர். இப்படியே தொடரட்டும். எத்தனையாவது மூடியில் நிறம் வெறும் தண்ணீர் விட்ட மூடியைப் போலவே இருக்கிறது என்று எண்ண வேண்டும். வெறும் தண்ணீர் மூடி இல்லாமல் ஒப்பிட முடியாது என்பதை அவர்களே உணர்வார்கள். கிணற்று நீரில் செய்தால் ஒரு விடை, ஆர்.ஓ. நீரில் வேறு விடை வரும். அது ஏன் என்பதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நிழலை அளந்து பூமியை அளப்பது

இதற்கு வேறோர் ஊரில் ஒரு தோழர் பள்ளி வேண்டும். வடக்கு தெற்காக எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சென்னையும் கன்னியாகுமரியும் சேர்ந்தால் ஏறத்தாழ 5 பாகை கிடைக்கும்.

சமதளமான சிமெண்ட் தரையில் ஒரு மீட்டர் உயரக் கோலை நட்டமாக நிறுத்துங்கள். செங்குத்தா என்று நூற்குண்டு தொங்கவிட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்கள். மார்ச் 21 வாக்கில் சென்னையில் நடுப்பகல் நிழல் 23 செ.மீ.யும், கன்னியாகுமரியில் 14 செ.மீ.யும் இருக்கும். நிழலையும் கோலையும் அளவுத் திட்டப்படி வரைபடத் தாளில் முக்கோணமாக வரைந்து கோணமானியால் அளந்தால் போதும், டேன்ஜன்ட் தேவையில்லை. சென்னையில் 13 பாகை, கன்னியாகுமரியில் 8. வித்தியாசம் 5 பாகை, முழு வட்டத்தில் 72-ல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்குத் தூரம் ஏறத்தாழ 555 கி.மீ. பெருக்கினால் 39,960 கி.மீ. துருவங்கள் வழியாகப் பூமியின் உண்மையான சுற்றளவு 40,008 கி.மீ. இவ்வளவு நெருக்கமாக வகுப்பில் வராது. கோணமானியில் அரைப் பாகை தவறினாலே விடை நாலாயிரம் கி.மீ. தள்ளிப்போகும், அதையும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். சாலைத் தூரத்தை எடுத்தால் விடை கெட்டுவிடும். நிலப்படத்தில் இரண்டு ஊர்களின் அட்சக்கோட்டுக்கும் இடையே நேர் வடக்கு தெற்காக அளந்து, அளவுத் திட்டத்தால் கி.மீ. ஆக்க வேண்டும். அடுத்தது கடிகாரம். கடிகாரம் 12 காட்டும்போது நம் ஊரில் நடுப்பகல் ஆகியிருக்காது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டுக்கு உரியது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். மார்ச் 21-இல் சென்னைக்கு 12.16, கன்னியாகுமரிக்கு 12.27 வாக்கில்தான் நிழல் மிகக் குறுகும். ஆகவே 12 மணி முதல் 12.40 வரை நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் முனையைச் சாக்பீஸால் குறியுங்கள். மிகக் குட்டையானதை எடுத்துக்கொண்டால் நேரம் பார்க்கும் கவலையே இல்லை. அந்தக் குட்டை நிழல் உண்மையான வடக்கையும் காட்டும், போன் திசைகாட்டியோடு ஒப்பிடலாம்.

நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்டமாக நிற்கும் கோலுக்கு நிழலே விழாத நாள்தான் நிழலில்லா நாள். அதன் கொண்டாட்டம் இப்போது பரவலாகிவிட்டது. சென்னைக்கு ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கிலும், கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10, செப்டம்பர் 1 வாக்கிலும் வரும். ஏப்ரலில் தேர்வு, விடுமுறை என்று போய்விடும், ஆகஸ்டு, செப்டம்பர் வாய்ப்பே பள்ளிக்கு ஏற்றது. மேகம் மறைத்தாலும் முன்னும் பின்னும் ஒரு நாள் பார்க்கலாம், நிழல் ஒரு செ.மீ.க்குள்தான் இருக்கும்.

போனும் மின்சுற்றும் கம்ப்யூட்டரும்

மாணவர்கள் போன் கொண்டுவர முடியாது, ஆசிரியர்களின் போன் இரண்டு போதும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை இரண்டிலும் போடுங்கள். அதில் ஒலியால் ஓடத் தொடங்கி ஒலியால் நிற்கும் கடிகாரம் இருக்கிறது. போன்களை 5 மீட்டர் தள்ளி வையுங்கள். முதல் போன் பக்கத்தில் ஒருவர் கைதட்டுகிறார்: இரண்டும் ஓடத் தொடங்கும். சில விநாடி கழித்து இரண்டாவது போன் பக்கத்தில் இன்னொருவர் தட்டுகிறார்: இரண்டும் நிற்கும். இரண்டு போன்களும் காட்டும் நேரத்தின் வித்தியாசம், ஒலி 10 மீட்டர் போக எடுத்துக்கொண்ட நேரம். 30 டிகிரி வெயிலில் அது 0.0286 விநாடி, வேகம் விநாடிக்கு 350 மீட்டருக்கு ஒட்டி வரும். வராந்தாவில் வைத்தால் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டுச் சத்தமே கடிகாரத்தை நிறுத்திவிடும். செயலியில் ஒலி வரம்பைக் கூட்டி, மைதானத்தில், சுவரிலிருந்து தள்ளிச் செய்யுங்கள்.

மின்சுற்றுக்கு எல்.இ.டி.தான் தொடக்கம். இரண்டு பென்சில் பேட்டரிகளை வரிசையாக வைத்தால் 3 வோல்ட், சிவப்பு எல்.இ.டி. எரியும். நீண்ட கால் நேர்முனைக்கு. எரியவில்லை என்றால் பத்தில் எட்டு தடவை கால்களை மாற்றிப்போட்டிருப்பார்கள். 9 வோல்ட் பேட்டரியை நேரே கொடுத்தால் ஒரு பளிச், அத்தோடு முடிந்தது. நடுவில் 470 ஓம் மின்தடை வேண்டும், அப்போது ஏறத்தாழ 15 மில்லி ஆம்பியர் ஓடும்.

எலுமிச்சையில் விளக்கு எரிப்பது எல்லாக் கண்காட்சியிலும் உண்டு, பாதிப் பள்ளிகளில் எரியாது. ஒரு பழம், ஒரு துத்தநாகம் பூசிய ஆணி, ஒரு செம்புக் கம்பி சேர்ந்தால் 0.9 வோல்ட்தான். சிவப்பு எல்.இ.டி.க்கு 1.8 வோல்ட்டாவது வேண்டும், அதனால் மூன்று பழங்களுக்குக் குறையாமல் வரிசையாக இணையுங்கள், நான்கு நல்லது. மோட்டாரிலிருந்து எடுத்த செம்புக் கம்பியில் வார்னிஷ் பூச்சு இருக்கும், பிளேடால் சுரண்டாவிட்டால் ஒன்றும் நடக்காது. பழைய ஆணியில் துத்தநாகப் பூச்சு தேய்ந்திருக்கும். எரிந்தாலும் மங்கல்தான், அட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். முக்கியமானது, "எலுமிச்சையில் மின்சாரம் இருக்கிறது" என்ற முடிவோடு பிள்ளைகள் எழுந்து போகக் கூடாது. ஆற்றல் வருவது துத்தநாகம் கரைவதிலிருந்து, சாறு வழிவிடுகிறது, அவ்வளவே. ஆணிக்குப் பதிலாக இன்னொரு செம்புக் கம்பியைக் குத்திப் பார்க்கச் சொன்னால் இது புரியும்.

மத்திய அரசு உதவியில் அமைந்த அடல் டிங்கரிங் லேப் இருக்கும் பள்ளியில் அர்டுயினோ பலகைகள் (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகைகள்) இருக்கும், உறை பிரிக்காமல் இருப்பதும் உண்டு. ரோபோவில் தொடங்க வேண்டாம். பள்ளித் தோட்டத்துக்கு மண் ஈரம் அளக்கும் கருவி செய்யுங்கள். விலை குறைந்த இரட்டைக் கம்பி உணரிக்கு (சென்சார்) தொடர்ந்து மின்சாரம் கொடுத்தால் மின்னாற்பகுப்பால் சில நாளிலேயே ஒரு கம்பி அரித்துப்போகும். அளக்கும் அந்தக் கணத்துக்கு மட்டும் மின்சாரம் போகும்படி, உணரியை ஒரு டிஜிட்டல் முனையிலிருந்து இயக்க வேண்டும். அர்டுயினோ ஊனோ 0 முதல் 1023 வரை எண் காட்டும். அந்த எண்ணுக்குத் தானாகப் பொருள் கிடையாது. வெயிலில் உலர்த்திய தோட்ட மண்ணில் ஒரு தடவை, அதே மண்ணைச் சொதசொதவென்று நனைத்து ஒரு தடவை அளந்து இரண்டு எல்லையைக் குறித்த பிறகே "ஈரம் போதவில்லை" என்று சொல்ல முடியும்.

கம்ப்யூட்டர் நான்குதான் வேலை செய்கிறது, கரண்டும் போகும் என்றால் நிரல் எழுதுவதைத் தாளில் தொடங்குங்கள். வகுப்பறைக் கதவிலிருந்து கரும்பலகைக்கு ஒரு மாணவரை நடத்திச் செல்லும் கட்டளைகளை ஒரு குழு எழுதட்டும், வேறொரு குழு வரி பிசகாமல் அதை நிறைவேற்றட்டும். "திரும்பு" என்று எழுதியிருந்தால் எந்தப் பக்கம், எத்தனை பாகை என்று கேட்டு அவர் அப்படியே நிற்க வேண்டும். இதைச் செய்தவர்களுக்கு, கட்டளைக் கட்டைகளைத் திரையில் அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் எளிதாகப் பிடிபடும்.

செய்யவே கூடாதவை

230 வோல்ட் மின் இணைப்பில் மாணவர் சோதனை எதுவும் கிடையாது. சூரியனை நேரே பார்ப்பது கிடையாது, எக்ஸ்ரே ஃபிலிமோ கூலிங் கிளாஸோ பாதுகாப்பு தராது. ஊசித்துளை வழியாகத் தாளில் பிம்பம் விழவைத்துப் பாருங்கள். கழிப்பறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது. கலந்தால் குளோரின் வாயு வரும். பாதரச வெப்பமானியை வகுப்பில் விடாதீர்கள், சிவப்பு ஆல்கஹால் வெப்பமானி போதும். எரியும் ஸ்பிரிட் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றக் கூடாது, ஆறிய பிறகுதான். நெருப்பு உள்ள நாளில் ஒரு வாளி மணல், கட்டிய சடை, ஊக்குக் குத்திய துப்பட்டா. பட்டன் பேட்டரி சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது, விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும்.

பிள்ளைகளின் கேள்வியிலிருந்து ஆய்வுத் திட்டம்

வகுப்பில் ஒரு கேள்விப் பெட்டி வையுங்கள். வரும் கேள்விகள் பெரும்பாலும் "ஏன்" என்று இருக்கும். விடையை நீங்கள் சொல்லிவிட்டால் அங்கேயே முடிந்துவிடும். அதை "எதை மாற்றினால் எவ்வளவு மாறும்" என்று திருப்பிப்போடுவதுதான் ஆசிரியரின் வேலை.

"மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது?" என்று ஒரு சீட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பானையா பழைய பானையா எது அதிகம் குளிர்விக்கும்? ஈரச் சாக்கு சுற்றினால்? காற்றோட்டத்தில் வைத்தால்? ஒவ்வொன்றும் தனித் திட்டம். ஒரே அளவுள்ள மூன்று பானை, ஒப்பிட ஒரு பிளாஸ்டிக் குடம், எல்லாவற்றிலும் ஒரே குழாயில் பிடித்த 2 லிட்டர் தண்ணீர். காலை 9.30-க்குத் தொடங்கி மணிக்கு ஒரு முறை வெப்பநிலையும் எடையும். எடைக்குச் சமையலறைத் தராசு போதும், சத்துணவுக் கூடத்தில் கேட்டால் கிடைக்கும்.

எடையை அளப்பதில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. ஒரு லிட்டரில் 10 மி.லி. ஆவியானாலே மீதித் தண்ணீரை 6 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கும் வெப்பம் வெளியேறிவிடும், வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராமல் இருந்தால். உண்மையில் வந்துகொண்டே இருக்கும், அதனால் எடை குறைந்துகொண்டே போகும்போதும் வெப்பநிலை ஓரிடத்தில் நின்றுவிடும். அந்த இடம் எது என்பதைக் காற்றின் ஈரப்பதம் தீர்மானிக்கிறது. கரூர், மதுரை போன்ற கடலிலிருந்து தள்ளியுள்ள பகுதிகளில் வறண்ட வெயில் நாளில் நல்ல வித்தியாசம் தெரியும். நாகப்பட்டினம் மாதிரிக் கடலோரத்தில் அதே பானை ஓரிரு டிகிரியோடு நின்றுவிடலாம். "சார், சோதனை வேலை செய்யவில்லை" என்று பிள்ளைகள் வந்து நின்றால், ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத் துணி சுற்றி அதையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். பானை அந்த ஈர வெப்பமானிக்குக் கீழே போகாது என்பதை அட்டவணையே சொல்லும். புதுப் பானையை முந்தின நாளே தண்ணீரில் ஊறவைக்க மறந்தால் முதல் ஒரு மணி நேர எடைக் கணக்கு சுவர் உறிஞ்சிய நீரால் கெடும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: தேதி, கேள்வி, கணிப்பு, மாற்றியது எது, மாறாமல் வைத்தது எது, அட்டவணை, எதிர்பாராதது எது. தவறாகப் போன அளவை ஒயிட்னர் போட்டு மறைக்கக் கூடாது, ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். அழகான, அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

போட்டிகளுக்கு அனுப்பும்போது

இப்படி ஒரு திட்டம் கையில் இருந்தால் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குத் தனியாக எதுவும் தயாரிக்க வேண்டியதில்லை. 1993 முதல் நாடு முழுக்க நடக்கும் இம்மாநாடு 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கானது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நெடுங்காலமாக இதை முன்னின்று நடத்தி வந்திருக்கிறது. உள்ளூர்ச் சிக்கலை மாணவர்களே ஆராய வேண்டும் என்பது அதன் அடிப்படை. நடுவர்கள் முதலில் கேட்பது "எத்தனை தடவை அளந்தீர்கள், ஒப்பிட எதை வைத்தீர்கள்" என்பதைத்தான். மாணவருக்கு விடை தெரியாமல் ஆசிரியர் முகத்தைப் பார்த்தால் அந்தத் திட்டத்தின் கதை முடிந்தது.

மத்திய அரசு பள்ளி மாணவர்களுக்கு வழங்கும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு ஆய்வு வேண்டாம், புதிய யோசனை வேண்டும். தேர்வான மாணவரின் வங்கிக் கணக்கில் மாதிரி செய்ய 10,000 ரூபாய் வரும். ஜூனில் மன்றம் தொடங்கும்போதே மாணவர்களின் வங்கிக் கணக்கு நடப்பில் இருக்கிறதா, பாஸ்புக்கிலும் பள்ளிப் பதிவிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். யோசனையைத் தேடும்போது பிள்ளைகளின் வீட்டு வேலையைக் கேளுங்கள்: பூக் கட்டுவது, மீன் உலர்த்துவது, கடலை உரிப்பது, அம்மாவுக்கு முதுகு வலி எந்த வேலையில் வருகிறது என்பது. கடையில் வாங்கிய ஹைட்ராலிக் மாடலுக்குப் பெயர் மாற்றி அனுப்பினால் நடுவர்கள் அதே மாடலை அன்று பல தடவை பார்த்திருப்பார்கள்.

கண்காட்சி வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு விதி வையுங்கள். ஒவ்வொரு மேசையிலும் பார்வையாளர் கையால் செய்ய ஒரு வேலையும், மாணவர்கள் அளந்த ஓர் அட்டவணையும் இருக்க வேண்டும். ஊசல் மேசைக்கு வரும் பெற்றோரிடம் முதலில் கணிப்பை எழுதி வாங்குங்கள். அவர்களும் இருபது என்றுதான் எழுதுவார்கள்.

நடைமுறைக் காரியங்கள்

மன்ற பீரியடைப் பி.இ.டி. பீரியடிலிருந்து எடுக்காதீர்கள், பிள்ளைகளே எதிரியாகிவிடுவார்கள். ஜூன் முதல் ஜனவரி வரை இருபது வாரம் கிடைத்தாலே பெரிய காரியம், காலாண்டு அரையாண்டுத் தேர்வு மாதங்களில் மன்றம் இல்லை என்று முதலிலேயே தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டால் மற்ற வாரங்களை யாரும் பறிக்க மாட்டார்கள். கணித ஆசிரியரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஊசலும் நிழலும் அவருக்கு வரைபடப் பாடம். தெரியாத கேள்வி வந்தால் "தெரியாது, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று கேளுங்கள், அடுத்த வாரம் விடையோடு வாருங்கள். வராமல் போனால் கேள்விப் பெட்டியில் சீட்டு விழுவது நின்றுவிடும்.

ஸ்டாக் ரிஜிஸ்டரில் தீர்ந்துபோகும் பொருளுக்கும் நிலைத்த பொருளுக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டும். பேட்டரியும் நூலும் நிலைத்த பொருள் பக்கத்தில் ஏறினால், தணிக்கையின் போது தேய்ந்துபோன பேட்டரிக்குக் கணக்குக் கேட்பார்கள். அந்தப் பயத்தாலேயே பல பள்ளிகளில் பெட்டி பூட்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கத் தாள்: பொருள், அளவு, இந்த ஊர்ப் பொருளில் என்ன மாற்றம் செய்ய வேண்டியிருந்தது, எந்த வகுப்பில் எந்தத் தேதியில் நடந்தது. அதைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், உங்கள் பீரோவில் வேண்டாம். மாற்றல் கவுன்சலிங்கில் நீங்கள் வேறு ஊருக்குப் போனாலும் அடுத்து வருபவர் எட்டுப் பெட்டியையும் அந்தத் தாள்களையும் எடுத்து அடுத்த வாரமே தொடங்க முடியும். எட்டாம் வகுப்பு மாணவர் இருவரிடம் சாவியையும் பொருள் பட்டியலையும் ஒப்படைத்திருந்தால், அவர் யாரையும் தேடிப்போய்க் கேட்கக்கூட வேண்டியதில்லை.